தொங்கும் சங்கிலி, இறுகும் சங்கிலி: மாடல் டாங்கிக்கு எந்த ட்ராக்?

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கியான டைகரின் பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை எடுத்து, டரெட்டையும் (சுழலும் மேற்கூடு) பீரங்கிக் குழலையும் கையால் மறைத்துப் பாருங்கள். மிச்சமிருப்பது சக்கரங்களும் அவற்றைச் சுற்றி ஓடும் சங்கிலிப்பட்டையும் (ட்ராக்) தான். முன் பற்சக்கரத்தைத் தாண்டியதும் சங்கிலி தளர்ந்து, முதல் சக்கரத்தின் தலையில் விழுந்து கிடக்கிறது. ஏறத்தாழ 57 டன் வண்டியின் கனம் அந்த ஒரு வளைவிலேயே தெரிந்துவிடும். அதே டைகரை 1/35 அளவில் கட்டி, ட்ராக்கை ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்து மாட்டிவிட்டால், டரெட்டில் எத்தனை நுணுக்கம் செய்திருந்தாலும் வண்டி காற்றில் மிதப்பது போலத்தான் இருக்கும்.

ட்ராக் வாங்கப் போகிறவர் முன்னால் இன்று ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பெட்டியிலேயே வரும் வினைல் பட்டை, நேர்ப்பகுதி நீளத் துண்டாகவும் வளைவு தனிக் கண்ணியாகவும் வரும் 'லிங்க் அண்ட் லெங்த்', முழுக்கத் தனித்தனியாக ஒட்டும் பிளாஸ்டிக் கண்ணி, ஒட்டாமல் கோத்து அசையவிடும் பிளாஸ்டிக் கண்ணி, உலோகக் கண்ணி, இப்போது ரெசினில் அச்சிட்டு வரும் 3டி கண்ணி. பெரும்பாலும் இவற்றை விலையை வைத்தோ வேலையின் கடினத்தை வைத்தோ வரிசைப்படுத்துவார்கள். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. நிஜ டாங்கியில் அந்தச் சங்கிலி எப்படிக் கிடந்தது, அதில் எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடித்தால், எதை வாங்குவது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

ஊசியில் இருக்கும் சூட்சுமம்

அன்றைய ஜெர்மன் டாங்கிகளிலும் சோவியத் டி-34இலும் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே வெறும் இரும்பு ஊசிதான். துளைக்குள் ஊசி தாராளமாகச் சுழலும். ஆகவே சங்கிலி தன் எடைக்குத் தானே தொங்கும். அமெரிக்க ஷெர்மனில் கதை வேறு. அங்கே ஊசியைச் சுற்றி ரப்பர் புஷ், அதாவது ரப்பர் உறை, இருக்கிறது. கண்ணியை மடக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதனால் ஷெர்மனின் ட்ராக் மேல்பகுதியில் கிட்டத்தட்ட நேராக, முறுக்கேறி நிற்கும். ஷெர்மனுக்கு டைகர் போலத் தொய்வு வைத்துக் கட்டிய மாடல்களைப் பார்த்திருக்கிறேன். உழைப்பு அத்தனையும் நிஜத்துக்கு எதிர்த் திசையில் போயிருக்கும்.

பற்சக்கரம் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். டைகருக்கு முன்னால். முன்னோக்கி ஓடும்போது அது மேல்சங்கிலியைத் தன் பக்கம் இழுக்கிறது. தளர்ச்சி கீழே, பற்சக்கரத்துக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில் சேர்கிறது. வண்டி பின்வாங்கி நின்றாலோ, இழுவை விட்டு ஓய்ந்தாலோ தளர்ச்சி மேலே வந்துவிடும். டி-34க்குப் பற்சக்கரம் பின்னால். முன்னோக்கி ஓடும்போதே அதன் மேல்சங்கிலி தளர்ந்துதான் கிடக்கும். அதோடு டி-34க்குச் சங்கிலியைத் தாங்கும் மேல் உருளைகளே கிடையாது. சங்கிலி நேராகப் பெரிய சக்கரங்களின் தலையில் படுத்து, இடைவெளிகளில் இறங்கி எழும். ஜெர்மனியின் பான்சர் 4க்கோ நான்கு மேல் உருளைகள் (கடைசித் தயாரிப்புகளில் மூன்று). அங்கே தொய்வு உருளைகளுக்கு நடுநடுவே சின்னச் சின்ன அலைகளாக வரும்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கடைப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

வினைல் பட்டைக்கு ஒரு நியாயம்

ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு கொண்டுவந்தபோது, பேட்டரிகள் உள்ளே அடங்க வேண்டும் என்றுதான் உடலின் அளவை முடிவு செய்தார்கள்; பிறகு கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 1/35 ஆக இருந்தது. இன்று உலகமே பின்பற்றும் அளவு அப்படிப் பிறந்ததுதான். ஓடுகிற பொம்மைக்கு வளைந்து கொடுக்கும் ட்ராக்தானே வேண்டும்? வினைல் பட்டை வந்த வழி அது. மோட்டார் போய்விட்ட பிறகும் பட்டை மட்டும் பெட்டிக்குள் நின்றுவிட்டது.

வினைலை எடுத்த எடுப்பில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எம்1 ஏப்ராம்ஸ், லெப்பர்ட் 2 போன்ற இன்றைய வண்டிகளில் மேல்சங்கிலியைப் பக்கக் கவசம் மூடிவிடுகிறது. ட்ராக்கும் ரப்பர் புஷ் வகை, இறுகியே நிற்கும். வெளியே தெரிவது முன்வளைவும் பின்வளைவும் தரையைத் தொடும் நீளமும்தான். நல்ல வார்ப்பில் வந்த வினைல் பட்டை அங்கே தன் வேலையைக் குறையில்லாமல் செய்யும். உலோக ட்ராக் வாங்கி, முக்கால் பங்கைக் கவசத்துக்குப் பின்னால் புதைப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஆனால் வாங்கிய பட்டையை மாட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். நிஜச் சங்கிலியின் கண்ணி எண்ணிக்கையைக் கண்ணி நீளத்தால் பெருக்கி 35ஆல் வகுத்தால் பட்டை இருக்க வேண்டிய நீளம் வரும். டைகருக்கு ஒரு பக்கம் 96 கண்ணி, ஒவ்வொன்றும் 130 மில்லிமீட்டர். பெருக்கினால் 12.48 மீட்டர்; 35ஆல் வகுத்தால் 35.7 சென்டிமீட்டர். டி-34க்கு 72 கண்ணி, 172 மில்லிமீட்டர்; 35.4 சென்டிமீட்டர் வரும். பட்டை இதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் தொய்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும். அப்படி இழுத்து மாட்டிய பட்டை நாளாக ஆகப் பற்சக்கரத்தையும் ஐட்லரையும் (மறுமுனையில் சங்கிலியைத் திருப்பிவிடும் சக்கரம்) ஒன்றை நோக்கி ஒன்று சாயவைக்கும். அலமாரியில் பல வருடம் நின்ற பழைய மாடல்களைப் பக்கவாட்டில் பார்த்தால் இந்தச் சாய்வு கண்ணில் படும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. பட்டையை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், வருடங்கள் போகப் போக வெளியே கசியும். அது சக்கரத்தின் பாலிஸ்டைரீனில் பட்டால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நான் கட்டிய ஒரு பான்சர் 4 ஐந்தாறு கோடைகளை அலமாரியில் கழித்தது. ஒருநாள் தூசி தட்ட எடுத்தபோது, ட்ராக் தொட்ட இடத்திலெல்லாம் சக்கரங்கள் உருகிப் பள்ளம் விழுந்திருந்தன. கவனித்துத் தீட்டிய ரப்பர் விளிம்புகள் பிசுபிசுவென்று பட்டையோடு ஒட்டிக்கிடந்தன. எல்லா வினைலும் இப்படிச் செய்யாது. ஆனாலும் நம்மூர் வெயிலில் இருக்கும் மாடலுக்கு வினைல் போடுவதென்றால் சக்கரங்களை நன்றாகப் பெயின்ட் செய்து, மேலே ஒரு வார்னிஷ் பூச்சும் கொடுத்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

தொய்வு வேண்டிய வண்டியில் வினைலைத் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. சக்கரத்துக்கு மேலே உடலின் பக்கச்சுவரில் துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி, அது பட்டையைக் கீழே அழுத்தும்படி செய்யலாம். டைகரின் உடல் பக்கவாட்டில் வெளியே நீண்டு நிழல் விழுவதால் கம்பி வெளியே தெரியாது. பட்டையைப் பெயின்ட் செய்வதற்கு முன் சோப்பு நீரில் கழுவுங்கள். வளைத்து மாட்டிய பிறகு பெயின்டை முடித்தால் வெடிப்பு குறையும். பழைய வகை வினைலில் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. சூடான ஸ்க்ரூடிரைவர் முனையால் முளைகளை உருக்கித் தட்டுவதுதான் அதற்குப் பூட்டு. டாமியாவின் புதிய பெட்டிகள் சிலவற்றில் வரும் பட்டைகள் சாதாரணப் பசையிலேயே ஒட்டுகின்றன. அது பெரிய நிம்மதி.

நடுவழி

என் மேசையில் அதிகம் வென்றது லிங்க் அண்ட் லெங்த்தான். தரையில் படுக்கும் நீளம் ஒரே துண்டு. மேல்நீளம் இன்னொரு துண்டு, அதில் தொய்வையே வார்த்திருப்பார்கள். பற்சக்கரத்தையும் ஐட்லரையும் சுற்றி மட்டும் தனிக் கண்ணிகள். டாமியாவின் 1/48 டாங்கி வரிசை முழுக்க இந்த வழியைத்தான் எடுத்தது, அந்த அளவில் அது மிகச் சரியான முடிவு. முதல் முறையாக வினைலை விட்டு வெளியே வருகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். பட்டை உருகுமோ என்ற பயம் இல்லை, கண்ணியின் நுணுக்கம் கூர்மையாக இருக்கும், ஒரு மாலைக்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும்.

குறை எங்கே என்றால், வார்த்த தொய்வு வார்த்த தொய்வுதான். வடிவமைத்தவர் பார்த்த புகைப்படம் எதுவோ, அதே வளைவுதான் உலகத்தில் அந்தப் பெட்டியை வாங்கிய எல்லோருடைய வண்டியிலும் இருக்கும். மேடு பள்ளமான தரையில் சக்கரங்களை ஏற்றி இறக்கி வைக்க ஆசைப்பட்டால் அந்த நேர்த்துண்டு வளையாது. டயோராமா (தரையோடு சேர்ந்த காட்சி மாதிரி) கட்டுகிறவர் இங்கேயே விலகி அடுத்ததற்குப் போய்விடலாம்.

கண்ணி கண்ணியாக

தனிக் கண்ணிகளைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கையைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. பான்சர் 4இன் சங்கிலி 400 மில்லிமீட்டர் அகலம், கண்ணி நீளம் 120 மில்லிமீட்டர், ஒரு பக்கம் 99 கண்ணிகள். 1/35இல் ஒரு கண்ணி 11.4 மில்லிமீட்டர் அகலமும் 3.4 மில்லிமீட்டர் நீளமும்தான். இரண்டு பக்கத்துக்கும் 198. ஒவ்வொன்றும் ஸ்ப்ரூவில் (துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) நான்கு இடத்தில் பிடித்திருந்தால் நிப்பரால் 792 வெட்டு. பிறகு 792 இடத்தில் பிசிறு. உள்பக்கம் அச்சு தள்ளிய வட்டத் தழும்பு இருந்தால் அதையும் நிரப்பித் தேய்க்க வேண்டும். டி-34க்கோ இரண்டு பக்கமும் சேர்த்து 144 கண்ணிதான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம், விரலில் நிற்கும் அளவு. தனிக் கண்ணி ட்ராக்கைக் கற்றுக்கொள்ள டி-34ஐ விட அன்பான வண்டி கிடையாது. பான்சர் 3, 4இல் தொடங்கி, பாதியில் மூடி வைத்து, 'இது எனக்கு வராது' என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. அவர்கள் தவறான வண்டியில் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

டி-34இல் ஒன்று மட்டும் கவனம். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு உள்ள கண்ணியும் கொம்பு இல்லாத கண்ணியும் மாறி மாறி வரும். அதன் பின்சக்கரம் பற்களால் இழுப்பதில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் ஆறு உருளைகள் அந்தக் கொம்புகளைத் தள்ளித்தான் சங்கிலியை ஓட்டுகின்றன. ஆகவே கொம்பு சரியாக உருளைகளுக்கு நடுவே விழ வேண்டும். பின்சக்கரத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வந்தால் இந்தப் பொருத்தம் தானே அமையும். ஐட்லரில் தொடங்கினால் கடைசியில் அரைக் கண்ணி இடித்துக்கொண்டு நிற்கும்.

ஒட்டும் வகைக் கண்ணிக்கு நான் பழகிய முறை இது. மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் மேலே வரும்படி ஸ்கேலின் ஓரமாக விரித்து, கண்ணிகளை வரிசையாகப் பதிக்கிறேன். இணைப்புகளில் தண்ணீர் போன்ற மெல்லிய பசையைத் தூரிகையால் தொட்டு ஓடவிடுகிறேன். அரை மணி நேரம் போனால் பசை இறுகாமலும் இளகாமலும் தோல் போல ஒரு பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில்தான் எடுத்துச் சக்கரங்களைச் சுற்றிப் படிய வைக்க வேண்டும். மேல்நீளத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஸ்பாஞ்சுத் துண்டுகளைத் திணித்தால் அவை சங்கிலியைச் சக்கரத் தலைகளில் அழுத்தி வைக்கும். ஒரு இரவு விட்டு, மறுநாள் இரண்டு துண்டாகக் கழற்றித் தனியே பெயின்ட் செய்யலாம். இதில் கிடைக்கும் தொய்வு நீங்கள் வைத்த தொய்வு. உங்கள் கையில் இருக்கும் புகைப்படத்தில் அந்த வண்டி எப்படி நின்றதோ அப்படியே வைக்கலாம். விலைக்கும் பலனுக்கும் நடுவே இதைவிட நேர்மையான பேரம் எனக்குத் தெரியாது. டிராகன் நிறுவனம் 'மேஜிக் ட்ராக்' என்று கண்ணிகளை ஸ்ப்ரூவிலிருந்து பிரித்துப் பையில் போட்டே கொடுத்தது. வெட்டும் வேலையில் பெரும்பங்கு அதில் மிச்சம்.

கோத்து அசையவிடும் பிளாஸ்டிக் கண்ணிகளை ஏஎஃப்வி கிளப், மெங், மினிஆர்ட் போன்றவர்கள் தருகிறார்கள். சில அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும், சிலவற்றுக்கு ஊசி தனியே வரும். அசைவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்குக்கு எடை இல்லை. கண்ணி தாராளமாக மடங்கினாலும் தானாகத் தொங்காது. கடைசியில் சக்கரத் தலைகளில் ஒரு துளி பசை வைத்துப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். அப்படியானால் அசைவு எதற்கு? சஸ்பென்ஷன் அசையும் மாடலை மேடான தரையில் வைப்பவருக்கும், ட்ராக்கை முழு வளையமாகக் கழற்றிப் பெயின்ட் செய்ய விரும்புபவருக்கும் அது பயன். மற்றபடி தேவையில்லை. ஷெர்மனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். அதன் ட்ராக்கில் கண்ணியையும் கண்ணியையும் பக்கவாட்டு இணைப்பான்கள்தான் பிடிக்கின்றன. ஒரு பக்கம் 79 கண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டையும் (தரை தொடும் கட்டை) இரண்டு இணைப்பான்களும் என்று வைத்தால் மொத்தம் 474 துண்டு. வேலை கடினம். ஆனாலும் இணைப்பானுக்கும் பட்டைக்கும் நடுவே தெரியும் அந்த நிஜமான இடைவெளியை வினைலில் வார்க்கவே முடியாது, அது கண்ணுக்கு நேரே தெரியும் இடம்.

உலோகம்

ஹங்கேரியின் ஃப்ரியூல்மாடல் பெயரைச் சொல்லாமல் உலோக ட்ராக் பேச்சு முடியாது. வெள்ளீயக் கலவையில் வார்த்த கண்ணி, நடுவே கோக்க மெல்லிய கம்பி. ஒவ்வொரு துளையையும் பின் வைஸில் (கையால் சுழற்றும் துளைக் கருவி) சின்ன துரப்பண முனை போட்டுச் சுத்தம் செய்து, கம்பியைச் செருகி, வெட்டி, முனையில் சூப்பர் க்ளூ ஒரு பொட்டு வைக்க வேண்டும். டைகருக்கு 192 தடவை. முதல் பத்துக் கண்ணியில் கை பழகும், ஐம்பதாவதில் மனம் வேறு எங்கோ போய்விடும். பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்ய ஏற்ற வேலை.

பலனைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போட்டதும் அது விழுகிறது. வளைக்கவில்லை, அழுத்தவில்லை, ஒட்டவில்லை. நிஜ டைகரில் எந்தக் காரணத்தால் தொய்ந்ததோ, அதே காரணத்தால் இங்கும் தொய்கிறது. கருமையாக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்தால் பழைய இரும்பின் நிறம் வரும். பிறகு தரை தொடும் முகடுகளை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளிருந்து வெளிப்படுவது உலோகத்தின் சொந்தப் பளபளப்பு. எந்தப் பெயின்டும் அதைத் தராது.

ஆனால் செலவு சில சமயம் டாங்கிப் பெட்டியின் விலையையே தொடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். எடை இன்னொரு பிரச்சினை. சக்கர அச்சுகளும் சஸ்பென்ஷன் கைகளும் மெலிந்தவையாக இருந்தால் வலுவாக ஒட்டி, காய்ந்த பிறகே ட்ராக்கை ஏற்ற வேண்டும். பெட்டியின் பற்சக்கரப் பற்கள் உலோகக் கண்ணிக்குப் பொருந்துமா என்று நாலு கண்ணியைக் கோத்துப் பார்த்துவிடுங்கள். பல செட்டுகளில் மாற்றுப் பற்சக்கரமே கூட வரும், அது வந்தால் அதையே போடுங்கள். ரப்பர் இல்லாத வெறும் ஊசி உள்ள, சங்கிலி முழுக்கத் தெரிகிற வண்டிக்கு மட்டும்தான் நான் உலோகத்துக்குப் பணம் கொடுப்பேன்: டைகர், பாந்தர், சோவியத் கேவி, டி-34. ஷெர்மனுக்கு உலோக ட்ராக் போட்டால் அது தொங்கும்; தொங்கக் கூடாத இடத்தில் தொங்கும். அதைத் தடுக்க மறுபடி ஒட்ட வேண்டும்.

3டி அச்சு ட்ராக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. கொம்பின் உள்குடைவு வரை நுணுக்கத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுகின்றன. சுத்தம் செய்யும் வேலையும் குறைவு. ரெசின் நொறுங்கும். மெல்லிய ஊசி கோக்கும்போதே உடைவது உண்டு, அதனால் கூடுதல் கண்ணிகள் உள்ள செட்டாகப் பாருங்கள். இவையும் எடையற்றவை, தொய்வைக் கையால்தான் கொடுக்க வேண்டும்.

பெயின்டில் ஒரு வார்த்தை, ஏனென்றால் தேர்வு அங்கேயும் போய் முட்டுகிறது. ட்ராக்கின் உள்பக்கம் எங்கே மின்ன வேண்டும் என்பதைச் சக்கர விளிம்பு முடிவு செய்கிறது. ரப்பர் விளிம்புள்ள பழைய டைகரில் சக்கரம் ஓடும் பாதை மங்கலான மெருகோடு நிற்கும். 1944இல் வந்த இரும்புச் சக்கர டைகரில் அதே பாதை பளிச்சென்று தேய்ந்திருக்கும். பிளாஸ்டிக் கண்ணிக்கு மென்மையான பென்சில் கரி போதும். ஷெர்மனின் டி51 போன்ற ரப்பர் ட்ராக்கில் பட்டைக்கு உலோக மெருகு கொடுத்துவிடாதீர்கள். தேய்ந்து மின்னுவது இணைப்பான்கள் மட்டும். இரும்பு முகம் கொண்ட டி54ஈ1 என்றால் முகடும் மின்னலாம்.

இப்போது என் மேசையில் இருப்பது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட வகையான டி-72எம்1. ரப்பர் புஷ் வைத்த சங்கிலி, பின்னால் பற்சக்கரம், ஒரு பக்கத்துக்கு மூன்று மேல் உருளைகள். பக்கவாட்டுத் திரை மேல்பாதியை மூடிவிடுகிறது. உலோகம் வாங்கும் ஆசை வந்தது, விட்டுவிட்டேன். பெட்டியில் வந்த வினைலை உள்ளே நீளத்துக்கு விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் முன்பக்கம் ஐட்லரைச் சுற்றி ஏறும் வளைவும், பின்னால் மண் அப்பிய பற்சக்கரமும் முழுக்கத் திறந்து கிடக்கின்றன. அதனால் ஒட்டும் வகைத் தனிக் கண்ணி. திரைக்குப் பின்னால் மறையும் மேல்நீளத்தில் பத்துப் பன்னிரண்டு கண்ணியைப் போடாமலே விட்டு, அவற்றை டரெட்டின் பக்கத்தில் உதிரிக் கண்ணிகளாக மாட்டப்போகிறேன்.